நண்பகல் ஜெபமும் நள்ளிரவு ஜெபமும்

எழுப்புதல் வேண்டுமாயின் ஜெபம் வேண்டும். ஜெபம் பெருகினால் எழுப்புதல் வரும். எழுப்புதல் வந்தால் சமுதாயம் தானே சீர்படும். கிறிஸ்தவப் பிரசங்க மேடைகளில் இம்மூன்று வாக்கியங்களும் பெருக்கல் வாய்பாடு போலப் பல தலைமுறைகளாக ஒப்புவிக்கப்பட்டு வருகின்றன. இறைவன் ஜெபத்தைக் கேட்கின்றாரா என்பது இங்கு நமது விசாரணையன்று. நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். முதலிரண்டு வாக்கியங்களையும் வாதத்திற்காக ஏற்றுக்கொள்ளவும் நாம் தயார். மூன்றாவதோடுதான் நமக்கு வழக்கு. ஏனெனில் அந்த வாக்கியத்தை நம்பியே, கூலி, சாதி, நிலம், நிறம் என்பன பற்றி வாய் திறக்க வேண்டிய வேளைகளிலெல்லாம், 'முதலில் ஜெபிப்போம்' என்று சொல்லி நல்லவர்கள் பலர் கண்களை மூடிக்கொள்கின்றனர்.

சான்று கேட்டால் முன்வரிசையில் நிறுத்தப்படுவது நியூயோர்க் நகரத்துப் புல்டன் வீதிக் கதையாகும். கதை அழகானது, பெரும்பகுதி உண்மையுங்கூட. ஜெரமியா லான்பியர் முன்னாளில் துணி வணிகர். 1857-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவ்வீதியிலிருந்த வட டச்சுச் சபை அவரைத் தனது ஊழியராக நியமித்தது. சபையின் செல்வர்கள் நகரின் மேற்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட, கோயில் ஆளற்றுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. சுற்றிலுமிருந்த கடைகளிலும் கணக்கறைகளிலும் இருந்தோரை மதிய உணவு வேளையில் ஜெபத்துக்கு அழைத்தார் லான்பியர். செப்டெம்பர் 23-ம் திகதி புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அறையைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்; அரைமணி நேரம் ஒருவரும் வரவில்லை. ஒரு மணிக்குள் அறுவர் வந்து சேர்ந்தனர். மறுவாரம் இருபதுபேர். ஒக்டோபரில் கூட்டம் நாள்தோறும் நடக்கலாயிற்று. ஆறு மாதத்துள் நியூயோர்க்கில் மட்டும் பதினாயிரம் பேர் தினந்தோறும் நண்பகலில் ஜெபிக்கின்றனர் என்று அக்காலத்தவர் எழுதினர். பொஸ்ரன், பிலடெல்பியா, சிக்காகோ என்று நகரத்துக்கு நகரம் அது தாவிற்று.

அறுவர் பதினாயிரமானதற்கு ஆவியானவரை மட்டுமே காரணம் காட்டுவோர் ஒரு செய்தியை விரைந்து கடந்து போவர். அவ்வாண்டு ஓகஸ்ட் 24-ம் திகதி ஒஹாயோ ஆயுள் காப்புறுதிக் கம்பனி முறிந்தது. ஒக்டோபர் நடுப்பகுதியில் நியூயோர்க் வங்கிகள் நோட்டுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தின. பெரிய வணிக நிலையங்கள் சரிந்தன. நவம்பரில் டொம்கின்ஸ் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் திரண்டு, வேலை தா, உணவு தா என்று கேட்டனர். முதற்கூட்டம் நடந்தது வங்கிகள் கதவடைப்பதற்கு முன்னரே என்று நமக்குப் பதில் கூறப்படும். உண்மை, தொடங்கியது முன்னர், பெருகியது பின்னர். முறிந்துபோன வணிகன் முழந்தாளிடுவதை நாம் எள்ளி நகையாடவில்லை. துன்பத்தில் மனிதன் எங்கேனும் சாய்ந்துதான் ஆகவேண்டும். டொம்கின்ஸ் சதுக்கத்தில் நின்றவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அவனது வேண்டுதலை எந்த எழுப்புதல் நூலும் ஜெபம் என்று பதிந்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நமது குற்றச்சாட்டு வேறு. அந்த ஜெப அறையில் சில விதிகள் எழுதித் தொங்கவிடப்பட்டிருந்தன. ஜெபமோ புத்திமதியோ ஐந்து நிமிடத்தை மிஞ்சலாகாது. மிஞ்சினால் மணி ஒலிக்கும். தொடர்ந்து இரண்டுக்கு மேற்பட்ட ஜெபங்களோ புத்திமதிகளோ கூடாது. இவை வணிகர்களின் நேரக் கணக்குக்கு ஏற்ற விதிகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்னொரு விதியும் இருந்தது: சர்ச்சைக்குரிய விடயங்கள் எவையும் பேசப்படலாகாது.

1857-ல் அமெரிக்காவில் சர்ச்சைக்குரிய விடயம் எதுவென்று வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. அவ்வாண்டு மார்ச் 6-ம் திகதியன்று, லான்பியரின் முதற் கூட்டத்துக்கு ஆறரை மாதம் முன்னர், ட்ரெட் ஸ்கொட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கறுப்பு இனத்தவர் அமெரிக்கக் குடியுரிமைக்கு உரியோர் அல்லர் என்றும், புதிய பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடைசெய்யக் கொங்கிரசுக்கு அதிகாரமில்லை என்றும் கூறியது அத்தீர்ப்பு. கன்சாசில் அடிமை ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தனர். முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர், மாடுகளைப் போல விலை குறிக்கப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்தனர். இவை யாவும் நண்பகல் பன்னிரண்டு முதல் ஒரு மணிவரை இல்லாதனவாகக் கொள்ளப்பட்டன.

காரணம் தேடி வெகுதூரம் அலையவேண்டாம். தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகள் பறித்த பருத்திக்குக் கடன் கொடுத்ததும் கப்பல் பிடித்ததும் காப்புறுதி செய்ததும் நியூயோர்க்கே. அந்த உறவு எத்துணை ஆழமானதெனில், 1861 ஜனவரியில் தென்மாநிலங்கள் பிரிந்து செல்லத் தொடங்கியபோது, நகரபிதா பெர்னாண்டோ வூட் தமது நகரமும் தனியே பிரிந்து நின்று அவற்றோடு வணிகம் தொடரலாம் என்று நகரசபைக்கு யோசனை கூறினார். புல்டன் வீதி விதியை எழுதியவர்கள் இதையெல்லாம் எண்ணிச் சூழ்ச்சியாக எழுதினார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சூழ்ச்சி செய்யவேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. அந்த வர்க்கத்தின் மனச்சாட்சிக்கு அந்த விதி மரியாதையாகவே தோன்றியிருக்கும்.

ஒற்றுமைக்காகவே அவ்விதி என்பர். பிரஸ்பித்தேரியரும் பப்டிஸ்தரும் மெதடிஸ்தரும் ஒரே அறையில் கூடும்போது ஞானஸ்நானம் பற்றிச் சண்டையிடாமல் இருக்க வேண்டாமா என்று கேட்பர். ஞானஸ்நானத்தைத் தண்ணீர் தெளித்துக் கொடுப்பதா, முழுக்கிக் கொடுப்பதா என்பதும், ஒரு தாயின் மடியிலிருந்து குழந்தையைப் பிரித்து ஏலத்தில் விடலாமா என்பதும் ஒரே தராசில் வைக்கத்தக்க சர்ச்சைகளா? ஒற்றுமை யாருக்கிடையில் என்பதையும் கேட்கவேண்டும். அடிமையை உடையவனுக்கும் அவனுக்குக் கடன் கொடுத்தவனுக்கும் இடையிலான ஒற்றுமையில் அடிமைக்கு என்ன பங்கு?

அந்த எழுப்புதல் உச்சத்திலிருந்த 1858 மே மாதத்தில், அதே நியூயோர்க்கில், அமெரிக்கத் துண்டுப்பிரசுரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடைபெற்றது. மது, சூது, நடனம் முதலியவற்றுக்கெதிராக இலட்சக்கணக்கில் அச்சிட்டுப் பரப்பிய சங்கம் அது. அடிமைமுறையிலிருந்து எழும் ஒழுக்கக் கடமைகளைப் பற்றியாவது பிரசுரிக்கலாம் என்று முந்திய ஆண்டிலே தீர்மானம் நிறைவேறியிருந்தும், பிரசுரக் குழு ஒன்றையும் அச்சேற்ற மறுத்துவிட்டது. நாடெங்கும் ஜெபம் பெருகியிருந்த அந்த மே மாதத்தில் உறுப்பினர்கள் கூடி, குழுவின் மறுப்பே சரியென்று வாக்களித்தனர். எழுப்புதல் வந்தால் சமுதாயம் தானே சீர்படும் என்போர் இந்த ஒரு வாக்கெடுப்பையாவது விளக்கட்டும்.

பொஸ்ரனில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே தியடோர் பார்க்கர் என்ற யூனிற்றேரியன் போதகர், இவ்வெழுப்புதல் அடிமைமுறையையோ வணிகத்தின் களவுகளையோ தொடவில்லை என்று வெளிப்படையாகக் கண்டித்து வந்தார். தப்பியோடிவந்த அடிமைகளுக்குப் பாதுகாப்பளித்தவரும் அவரே. 1858 மார்ச் 6-ம் திகதி பார்க் வீதித் தேவாலயத்தில் கூடியோர் இவருக்காக விசேட ஜெபம் செய்தனர். அவர் மனந்திரும்ப வேண்டுமென்று சிலர். மனந்திரும்பாவிடில் அவர் வாயை ஆண்டவர் அடைத்துவிட வேண்டுமென்று வேறு சிலர். அடிமைமுறையைக் கண்டிப்பது சர்ச்சைக்குரிய விடயம். அதைக் கண்டித்தவரின் வாயை அடைக்குமாறு ஆண்டவரை வேண்டுவதோ சர்ச்சைக்கு இடமற்ற பக்தி!

ஐந்தாண்டு கழிந்து, 1863 ஜூலையில், நியூயோர்க்கில் கட்டாயப் படைச்சேர்ப்புக்கெதிரான கலகம் மூண்டது. கறுப்பர்கள் தெருக்களில் அடித்துக் கொல்லப்பட்டனர். விளக்குக் கம்பங்களில் தூக்கப்பட்டனர். கறுப்பின அனாதைச் சிறார் இல்லம் கொளுத்தப்பட்டது. கலகக்காரர் புல்டன் வீதியில் ஜெபித்தவர்கள் அல்லர். அவர்களிற் பெரும்பாலார் ஏழை ஐரிஷ் தொழிலாளர். முன்னூறு டொலர் கட்டிய பணக்காரன் படையிலிருந்து தப்பலாம் என்ற சட்டம் அவர்களை வெறிகொள்ளச் செய்தது. அந்த வெறி பணக்காரனை விட்டுத் தம்மிலும் நலிந்தவன்மேற் பாய்ந்தது. இதற்கு ஜெபக் கூட்டத்தைப் பொறுப்பாளியாக்குவது நியாயமன்று. ஆயினும், நகரையே புதுப்பித்தது என்று பிரசங்க மேடைகள் போற்றும் ஓர் எழுப்புதல், அந்நகரத்து வெள்ளையனுக்கும் கறுப்பனுக்கும் இடையில், செல்வனுக்கும் ஏழைக்கும் இடையில், எதைப் புதுப்பித்தது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். 1857-ன் ஜெபம் புல்டன் வீதியில் மட்டும் நடைபெறவில்லை. தென்மாநிலத் தோட்டங்களில், நள்ளிரவில், காவற்காரர் ஓய்ந்த பின்னர், காட்டு மறைவுகளிலும் பள்ளங்களிலும் அடிமைகள் கூடி ஜெபித்தனர். நனைத்த போர்வைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு ஒலியை அடக்கினர். இரும்புப் பானையொன்றைக் குடிசை வாயிலிலோ நிலத்திலோ கவிழ்த்து வைப்பர்; குரலைப் பானை பிடித்துக்கொள்ளும், எசமானின் காதுக்கு எட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1930-களில் முன்னாள் அடிமைகளின் நினைவுகள் திரட்டப்பட்டபோது, வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த முதியவர்கள் இந்தப் பானையைப் பற்றிக் கூறியிருக்கின்றனர். ஒலியை அது உண்மையில் அடக்கியதா என்பது பௌதிகவியலாரின் விவகாரம். என்ன ஜெபித்தால் அப்படி ஒளித்து ஜெபிக்கவேண்டும்? விடுதலை வேண்டுமென்று ஜெபித்தனர். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கிவந்த யாத்திராகமத்துக் கடவுளை அவர்கள் அறிந்திருந்தனர். எசமானின் போதகர் கற்பித்த கீழ்ப்படிவின் கடவுளை அவர்கள் அங்கே அழைக்கவில்லை. பிடிபட்டால் கசையடி. புல்டன் வீதியில் மணியொலிக்கு அஞ்சி ஜெபம் சுருங்கியது. இங்கே கசைக்கு அஞ்சியும் அது சுருங்கவில்லை.

எந்த ஜெபம் ஆபத்தானது என்பதை ஆளும் வர்க்கம் இறையியலாளரினும் நன்கு அறியும். 1831 ஓகஸ்டில் வேர்ஜீனியாவின் சவுதாம்ப்டன் பகுதியில் அடிமைக் கலகம் மூண்டது. அதன் தலைவன் நாட் டேணர் விரதமும் ஜெபமும் பிரசங்கமுமாக வாழ்ந்தவன். கலகம் அடக்கப்பட்டதும் வேர்ஜீனியச் சட்டமன்றம் செய்த காரியங்களில் ஒன்று, கறுப்பர்கள் பிரசங்கிப்பதையும் தாமே மதக்கூட்டம் நடத்துவதையும் சட்டத்தால் தடைசெய்ததாகும். நியூயோர்க் நண்பகற் கூட்டங்களுக்கு எந்தச் சட்டமன்றமும் தடை போடவில்லை. செய்தித்தாள்கள் அவற்றுக்குப் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கின.

ஜெபம் மனிதனை மாற்றும் என்ற கூற்றையும் ஓர் அடிமையின் வாக்குமூலத்தால் சோதிப்போம். பிரெடரிக் டக்ளஸ் 1845-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் தம் எசமான் தோமஸ் ஓல்ட் பற்றி எழுதுகிறார். 1832 ஓகஸ்டில் மெதடிஸ்தரின் முகாம் கூட்டமொன்றில் அவன் மனந்திரும்பினான். இனி விடுதலை தருவான், இல்லையேல் இரக்கமாவது காட்டுவான் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. காலை, நண்பகல், இரவு என்று ஓல்ட் ஜெபித்தான். அவன் வீடு போதகர்களின் விருந்தகமாயிற்று. அவன் கொடுமையோ முன்னிலும் அதிகரித்தது. முன்பு கொடுமைக்குத் தன் இயல்பை மட்டும் நம்பியிருந்தவன் இப்போது வேதத்தையும் துணைக்கு அழைத்தான். ஊனமுற்ற ஓர் இளம்பெண்ணைக் கட்டிவைத்து அடித்தபடி வேதவசனம் சொன்னான். அக்காலத்திலேதான் அடிமைகளுக்குப் புதிய ஏற்பாட்டை வாசிக்கக் கற்பிக்கும் சிறு ஞாயிறு பள்ளியொன்றில் டக்ளசும் சேர்ந்திருந்தார். தடியும் கல்லுமாக வந்து அப்பள்ளியைக் கலைத்தவர்களுள் இருவர், மெதடிஸ்த சபையில் ஜெபக் குழுக்களை நடத்தியவர்கள். ஆசிரியர்களாகிய நம் வாசகர்கள் இதை மறவாதிருப்பார்களாக.

அப்படியாயின் எழுப்புதல்கள் யாவும் ஆள்வோரின் கைப்பாவைகள் என்று நம் தோழர்கள் சிலர் முடிவுகட்டிவிடக்கூடும். அதுவும் அவசரமே. மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே பந்தியில் அதனை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்ற பொருளிலும் பேசியிருப்பதை, மேற்கோளின் வாலை மட்டும் மனப்பாடம் செய்தோர் காண்பதில்லை. சார்ள்ஸ் பின்னி என்பவரை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் தலைசிறந்த எழுப்புதற் பிரசங்கி அவர். 1835-ல் வெளியான தமது எழுப்புதல் விரிவுரைகளில், எழுப்புதல் ஏன் தடைப்படுகின்றது என்று ஆராயும்போது, அடிமைமுறை பற்றிச் சபைகள் மௌனம் சாதிப்பதையும் தடைகளுள் ஒன்றாக எண்ணுகிறார். நியூயோர்க்கில் தமது சபையில் அடிமை உடையோருக்குத் திருவிருந்தை மறுத்தார். அதே பின்னி அதே சபையில் கறுப்பரை வேறாகவே அமரவைக்க வேண்டுமென்று பிடிவாதம் செய்தார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பெரிய மனிதர்களும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகின்றனர். ஆனால் அவர் சென்று பணியாற்றிய ஓபர்லின் கல்லூரி 1835-லேயே கறுப்பு மாணவரைச் சேர்க்க முடிவுசெய்தது. 1858 செப்டெம்பரில், நண்பகற் கூட்டங்கள் தமது முதலாண்டை நிறைவு செய்துகொண்டிருந்தபோது, ஓபர்லின் மக்கள் ஜோன் பிரைஸ் என்ற தப்பியோடிய அடிமையைப் பிடிகாரர் கையிலிருந்து பலவந்தமாக மீட்டு, கனடாவுக்குத் தப்பவைத்தனர். முப்பத்தேழு பேர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களும் ஜெபிப்பவர்களே. ஆனால் அவர்களுடைய ஜெபம் சர்ச்சைக்குரிய விடயத்தின் வாயிலில் நின்றுவிடவில்லை.

இது எங்கோ கடல்கடந்த கதைதானே என்று நாம் விட்டுவிட முடியாது. 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிகளை அனுப்பி, 1823-ல் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தோற்றுவித்ததும் இதே அமெரிக்கப் பக்தியுலகந்தான். 1824-ல் யாழ்ப்பாண மிஷன் நிலையங்களிலும் எழுப்புதல் உண்டானதாக அவர்கள் மகிழ்ந்து எழுதினர். அவர்கள் நமக்களித்த கல்வியின் பயனை மறுப்பது நன்றிகேடு. ஆனால் அவர்களை அனுப்பிய அமெரிக்க போர்ட், தனது செவ்விந்திய மிஷன் சபைகளிலிருந்து அடிமை உடையோரை விலக்க 1845-ல் மறுத்தது. அந்தத் தயக்கத்தை வெறுத்துப் பிரிந்தவர்களே 1846-ல் அமெரிக்க மிஷனரிச் சங்கத்தை அமைத்தனர். யாழ்ப்பாணத்தில் விக்கிரக வழிபாட்டுக்கெதிராகத் துணிந்து பேசுமாறு ஊழியரை அனுப்பிய சபையார், தம் நாட்டில் மனித விற்பனையைப் பற்றி நிதானமாகப் பேசவேண்டுமென்று எண்ணினர்.

புல்டன் வீதியின் அந்த விதி இன்று நம் நாட்டு ஜெபக் கூட்டங்களில் எழுதித் தொங்கவிடப்படுவதில்லை. எழுதாமலே நன்றாகக் கைக்கொள்ளப்படுகின்றது. நோய்க்காக ஜெபிக்கிறோம், பரீட்சைக்காக, விசாவுக்காக ஜெபிக்கிறோம். கலியாணம் பேசும்போது சாதி கேட்கும் கிறிஸ்தவக் குடும்பத்தின் மனந்திரும்புதலுக்காக மேடையிலிருந்து ஜெபித்த எழுப்புதற் பிரசங்கியை நம் வாசகர்களில் எத்தனைபேர் கேட்டிருக்கின்றனர்? தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஜெப விண்ணப்பமாக எத்தனை மேடைகளில் வாசிக்கப்பட்டது? காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்தபோது, அவர்களோடு வந்திருந்து ஜெபித்த குருமாரும் உண்டு. அவர்களை நாம் வணங்குகிறோம். பெருந்திரள் எழுப்புதற் கூட்டங்களை நடத்துவோர் அந்தத் தாய்மாரைச் 'சர்ச்சைக்குரிய விடயம்' என்ற அடுக்கில் வைத்துவிட்டனரா என்பதை அவர்களே சொல்லட்டும்.

புல்டன் வீதிக் கூட்டத்துக்கு நூறாண்டு நிறைந்த 1957-ல் அமெரிக்காவில் மீண்டும் இரு ஜெபங்கள் நிகழ்ந்தன. மே 15-ம் திகதி நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் பில்லி கிரகாம் தமது எழுப்புதற் கூட்டங்களைத் தொடங்கினார். செப்டெம்பர் வரை அவை நீடித்தன. தொடங்கி இரண்டாம் நாள், மே 17-ல், தலைநகர் வாஷிங்டனில் லிங்கன் நினைவாலயத்தின் முன் ஏறக்குறைய இருபத்தையாயிரம் பேர் கூடினர். பாடசாலைகளில் நிறப் பிரிவினை கூடாதென்ற 1954-ம் ஆண்டுத் தீர்ப்பின் மூன்றாம் ஆண்டு நிறைவு நாள் அது. கூட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'விடுதலைக்கான ஜெப யாத்திரை'. அழைத்தோருள் ஒருவர் ஏ. பிலிப் ராண்டொல்ப், புகைவண்டித் தொழிலாளர் சங்கத் தலைவர். மார்ட்டின் லூதர் கிங் அங்கே வாக்குரிமையைக் கோரினார்.

கிரகாமுக்கு அநீதி செய்யவேண்டாம். தென்மாநிலக் கூட்டமொன்றில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்துக் கட்டப்பட்ட கயிற்றை 1953-ல் தம் கையாலேயே அகற்றியவர் அவர். 1957 ஜூலையில் கிங்கை நியூயோர்க் மேடைக்கு அழைத்து ஜெபிக்கச் செய்தவரும் அவர். ஆனால் 1963 ஏப்ரிலில் பேர்மிங்ஹாமில் போராட்டம் முற்றியபோது, கிங் சற்று வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லதென்று பத்திரிகைக்குச் சொன்னார். அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று கைதுசெய்யப்பட்ட கிங், சிறையிலிருந்தவாறு, செய்தித்தாளின் ஓரங்களில் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். போராட்டம் அறிவீனமானது, காலத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை விடுத்த அந்நகரத்து வெள்ளை மதகுருமார் எண்மருக்கு எழுதிய பதில் அது. அந்த எண்மரும் ஜெபத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள்.